பல்கீஸ் படத்தில் உன் தலைமுடி

காஜா பெராங், மலாக்கா.
14-6-1959, ஞாயிறு.

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குப் பசியாறி, வேளைக்கு ஒரு சண்டையும் போட்டுக்கொண்டு, முத்துமாரி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல், ஆஸ்பத்திரி டியூட்டியில் நின்று நின்று கால் வீங்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நாள் முழுக்க நினைப்பு. உன் மே மாதக் கடிதம் வந்து சேர்ந்தது. அங்கே மே மாதத்திலும் கம்பளிச் சட்டை போடுகிறாய் என்று படித்துக் காட்டினேன், உன் அம்மா நம்பவில்லை, பிள்ளை நம்மைப் பயமுறுத்த எழுதுகிறாள் என்கிறாள். அவளுடைய முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலாம், நீ எழுதியபடி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள், ஆனால் மகள் சொன்னாள் என்று ஒப்புக்கொள்ளாமல் தானாகக் கண்டுபிடித்த மாதிரி அடுத்த வீட்டுக்காரிக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் நம் தெருச் செட்டிமார் அம்மன் கோயில் திருவிழா நன்றாக நடந்தது, நம் போட்டோக் கடையில் கூட்டம் தாங்கவில்லை, கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு வந்த செட்டிமார் வீட்டுப் பாட்டிமார் எல்லோரும் அவர்கள் வழக்கப்படி மலாயில் பேசிக்கொண்டே வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாக நீல ஏர்மெயில் கடிதத்தில் எழுதி ஒட்டிவிடுகிறவன், இந்தத் தடவை தாள் வாங்கி எழுதுகிறேன். சொல்ல வேண்டியது அதில் அடங்காது.

போன இரண்டு கடிதத்திலும் உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி பல்கீஸைப் பற்றி, அவள் ஏன் எனக்கு எழுதுவதில்லை, உடம்புக்கு முடியவில்லையா, கல்யாணம் கில்யாணம் நிச்சயமாகி என்னிடம் மறைக்கிறாளா என்று கேட்டிருந்தாய். அவளுக்கு என்ன வேலையோ என்று மழுப்பி எழுதினேன். அது பொய், கண்ணு. அவள் உடம்பு நன்றாக இருக்கிறது, கல்யாணமும் இல்லை. அவள் உனக்கு எழுதாமல் போனதற்கு உன் அப்பன்தான் காரணம். இதை எழுதுவதற்கு மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஜனவரியில் நீ எழுதினாயே, அப்பா, பல்கீஸ் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள், ஊரில் பாதிப் பேர் உங்கள் கடைக்கு வருகிறவர்கள்தானே, யாரிடமாவது சொல்லிவிடுங்கள் என்று. நானும் சொன்னேன். இரண்டு ஆபீசில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் வாசலில் அவள் முக்காட்டைப் பார்த்ததும் ஆள் எடுத்தாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவன், இந்தத் துணியோடு உட்கார்ந்தால் மெஷினில் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்டானாம். அது என்ன டைப்ரைட்டரா, மாவு மில்லா. சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, பெண்பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து வேலை பார்க்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், வெளியே வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்கள். அப்புறம் ஆற்றோரம் ரப்பர் வாங்கி விற்கிற கம்பெனியில் பெரிய கிராணியாக இருக்கிறாரே மருதமுத்து, அவர் மார்ச் மாதம் கடைக்கு வந்தபோது, எங்கள் துரைக்கு ஒரு டைப்பிஸ்ட் வேண்டும், விண்ணப்பத்தைப் படத்தோடு கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன் என்றார். நம் கடையில் முன்பே எடுத்திருந்த பல்கீஸ் படத்தைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். முக்காடு போட்ட பொண்ணு படம் போனா நேரா குப்பைக்கூடைதான் சுப்பையா, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்த பொண்ணு நாலு ஆம்பளைங்க நடுவுல வாயத் தொறந்து பேசுமான்னு துரை கேப்பாரு என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது கோபம் வரவில்லை. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். கெட்டிக்காரப் பெண், நல்ல பெண், பாவம், வீட்டில் யாரோ கட்டாயப்படுத்திப் போட வைக்கிறார்கள், அந்தத் துணி ஒன்றுதான் அவளுக்குக் குறுக்கே நிற்கிறது என்று. சின்ன வயதிலிருந்து நம் வீட்டில் சோறு தின்ற பிள்ளையைப் பற்றி நான் தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான்.

உன் அப்பன் தொழில் உனக்குத் தெரியும். படத்தில் கறுத்த முகத்தை வெளுக்க வைப்பான், அம்மைத் தழும்பை மறைப்பான், மாணிக்கவாசகம் மண்டையில் முடி நட்டு அவனுக்குக் கல்யாணமே முடித்து வைத்தவன். இதுவும் அந்த மாதிரி ஒரு கைவேலை என்று நினைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திக்கொண்டு, நீ இங்கிலாந்து போவதற்குப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தையும் பல்கீஸ் படத்தையும் எடுத்து வைத்தேன். இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் ஒரே வெளிச்சத்தில் நேராகப் பார்த்து உட்கார்ந்த படங்கள். இரண்டையும் பெரிதாகப் போட்டு, அவள் முகத்தை மட்டும் வெட்டி உன் முகத்தின் மேல் ஒட்டி, ஓரத்தைப் பிரஷ்ஷால் மை வைத்து மறைத்து, அதைத் திரும்பப் படம் பிடித்துச் சின்னதாக அச்சுப் போட்டேன். உன் தலைமுடி அவளுக்கு அவ்வளவு பொருந்தியது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன், உன் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. பல்கீஸிடமும் சொல்லவில்லை. அவளைத் துணியை எடுக்கச் சொன்னால்தானே சங்கடம், எடுக்காமலே காரியம் முடிந்துவிட்டது, உள்ளே போய் அவள் வேகமாக டைப் அடிப்பதைப் பார்த்தால் அப்புறம் எவன் தலையைப் பார்க்கப்போகிறான், இதுதான் என் கணக்கு. அவள் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில் அந்தப் படத்தை ஒட்டி மருதமுத்து கையில் கொடுத்துவிட்டேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். அவள் எப்போதும் போல வெள்ளை முக்காட்டோடு போயிருக்கிறாள். துரை படத்தைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், வேறு ஆள் வந்திருக்கிறது, படம் ஒருத்தி பரீட்சை ஒருத்தியா, ஏமாற்று வேலையா என்று சத்தம் போட்டிருக்கிறார். மற்ற கிராணிகள் எழுந்து வந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். மருதமுத்து தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுவிட்டார். ஒரு வரி டைப் அடிக்க விடவில்லை. அந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக நம் கடைக்கு வந்து படத்தை மேசை மேல் வைத்தாள். அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. உன் நெற்றி ஓரத்தில் எந்தச் சீப்புக்கும் படியாத சுழி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் அவள்தானே அதற்குக் கிளிப் குத்திவிடுவாள், அந்தச் சுழியின் மேல் விரலை வைத்து, இது கோகிலா முடிதானே மாமா, அவளுக்குத் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா என்று கேட்டாள். இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லதுக்குத்தாம்மா என்று என்னவோ உளறினேன். நீயும் நானும் கூடிப் பேசிச் செய்த வேலை என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுக்கமாட்டாள், உன் ஜனவரிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியவனே நான்தானே.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் நானே அந்த ஆபீசுக்குப் போய், பெண் மேல் தப்பு இல்லை, படத்தை மாற்றினவன் நான் என்று துரையிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நன்றாகத்தான் செய்திருக்கிறாய், படத்தில் இருக்கிற மாதிரி வரச் சொல், திங்கட்கிழமையே வேலை தருகிறேன் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா. சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன், நல்ல சேதி கொண்டுபோகிற மாதிரி. அவளுடைய அம்மா முகம் சுளிக்காமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது. நான் சேதியைச் சொல்லி முடித்தேன். பல்கீஸ் உள்ளே இருந்து வாசல்படிக்கு வந்து, அப்ப அந்தப் படத்தையே அனுப்பி வைங்க மாமா, அது போயி டைப் அடிக்கட்டும் என்றாள். நான் விடாமல், பெற்ற அத்தாவும் இல்லை, உன்னை யாரும்மா கேட்கப்போகிறார்கள் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்க அக்கா முக்காடு போடல, அவள யாராச்சும் ஏன்னு கேட்டாங்களா மாமா, நான் போட்டா மட்டும் எல்லாரும் எங்கூட்டு ஆம்பளைங்களத் தேடுறீங்க, நானா போட்டுக்கிட்டேன்னு சொன்னா ஒருத்தருக்கும் நம்பிக்கை வரல, எனக்குன்னு ஒரு புத்தி இருக்காதா என்றாள். அவள் அம்மா, பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது என்று அதட்டியது. அதட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, போன வருஷம் ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்காரி நம்ம பிள்ளைய நெத்தியில இருக்கற பொட்ட அழிச்சிட்டு வான்னு சொன்னாள்னு எழுதினப்போ இந்த வீட்டுல எப்படிக் குதிச்சீங்க, அவ வாயால சொல்லிட்டாவது செஞ்சா, நீங்க சொல்லாமலே அழிச்சிட்டீங்க என்றாள். அதற்கு மேல் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். நீயும் அந்தப் பொட்டு விஷயத்தில் அன்றைக்கு எவ்வளவு அழுது எழுதியிருந்தாய் என்பதை நான் திரும்ப எடுத்துப் படித்தேன். மனசு ஆறவில்லை, கண்ணு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் பல்கீஸ் நம் தெருப்பக்கமே வரவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அரசாங்க கிராணிப் பரீட்சைக்கு மனுப் போடுகிறாளாம், படம் வேண்டும் என்றாள். மணிக்கூண்டுப் பக்கம் சீனன் ஸ்டூடியோ இரண்டு இருக்கிறது, அங்கே போகாமல் இங்கே வந்தாள். நான் விளக்கைச் சரி செய்துகொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, மாமா, அந்தப் பென்சில், பிரஷ் எல்லாத்தையும் மாமிகிட்டக் குடுத்துட்டு வாங்க, அப்புறம் எடுக்கலாம் என்றாள். உன் அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு கடை வாசல் அஞ்சடித் தாழ்வாரத்தில் போய்ப் போலீஸ்காரன் மாதிரி நின்றுகொண்டாள். முக்காட்டின் ஓரம் இடது பக்கம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. பழக்கத்தில் கை போனது, இழுத்துக்கொண்டேன். உனக்குச் சரியா இருக்கா பார்த்துக்கம்மா என்று கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தாள், சரியா இருக்கு என்றாள். அப்படியே எடுத்தேன். அப்புறம்தான் தைரியம் வந்து, கோகிலாவுக்கு இதில் ஒன்றும் தெரியாதும்மா, அவள் உன் கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு வரி எழுதிப் போடு என்று கேட்டேன். நீங்க முதல்ல எழுதுங்க மாமா, நான் எழுதினா உங்க மேல கோள் சொன்ன மாதிரி ஆகும், எழுதாம மறைச்சா அவகிட்டப் பொய் சொன்ன மாதிரி ஆகும், உங்க கடுதாசி போய்ச் சேரட்டும், அப்புறம் நான் எழுதுறேன் என்றாள். பார்த்தாயா, என் கைவேலையால் அவமானப்பட்ட பிள்ளை, உன் மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும், உன்னிடம் என்னைப் பற்றித் தானாகக் கோள் சொல்லக்கூடாது என்று பார்க்கிறது.

ஆகவே எழுதிவிட்டேன். அவளைக் கேட்டுக்கொண்டு புதுப் படத்தில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பொய்ப் படத்தையும், ஒட்டின அட்டையையும் அவள் கண் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டாகிவிட்டது. அந்தப் பரீட்சையிலும் எவனாவது துணியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பானோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அவளுக்கு இல்லை. சுளிச்சா அவன் பேரக் கேட்டு எழுதிக்குவேன் மாமா என்கிறாள். வருகிற புதன்கிழமை அவர்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள், உன் அம்மா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள், நானும் கூட வர வேண்டும் என்று உத்தரவு. போவேன். கதவு திறந்தால் உள்ளே போவேன், திறக்காவிட்டால் கொடுத்துவிட்டு வருவேன்.

நீ நேரம் தப்பாமல் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, நாங்கள் அனுப்பிய நல்லெண்ணெய் உறைந்துபோனால் வெந்நீரில் வைத்துத் தேய்த்துக்கொள். அந்த ஆஸ்பத்திரியில் உன்னை யாரும் மட்டமாகப் பார்த்தால் தலையைக் குனியாதே, பதில் சொல்ல உனக்குத் தெரியாவிட்டால் பல்கீஸைக் கேட்டு எழுது. எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து, நோயாளிகள் கையெடுத்துக் கும்பிடுகிற நர்ஸாக நீ கப்பலை விட்டு இறங்குவதை நாங்கள் இரண்டு பேரும் கண்ணாரப் பார்க்க வேண்டும், அம்மன் துணையிருப்பாள். மறக்காமல் இது கிடைத்ததும் முதல் கடிதம் பல்கீஸுக்குப் போடு, எனக்கு அப்புறம் எழுதினால் போதும். அதில் அப்பா நல்ல மனசோடுதான் செய்தார், தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காக ஒரு வரிகூடப் பரிந்து எழுதிவிடாதே. உனக்கு என் மேல் கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே எனக்கு எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, கண்ணு.

என்றும் உன் நலத்தையே நினைக்கும் அப்பா,
கா. சுப்பையன்.