காபிக்கு உள்ளே வந்தவர்கள்

நவம்பர் 12

மாவு தீர்ந்துவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் கடை. சமையலறைச் சன்னலில் நின்றால் உள்ளே யார் நிற்கிறார்கள் என்பதுவரை தெரியும். தாண்டினால் என்னைப் பிடித்து, நான் பிறந்த ஹோண்டுராஸுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். சோல்வேய் பாஸ்டரம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். கேக் மாவு வாங்கி வந்திருக்கிறார், பாவம். அதில் எங்கே ரொட்டி தட்டுவது?

கோடையில் நாடு கடத்தும் உத்தரவு வந்ததும் இந்த லூதரன் கோயிலுக்குள் வந்தேன். கோயிலுக்குள் புகுந்து ஆளைப் பிடிக்க அதிகாரிகள் தயங்குவார்கள் என்றார்கள். ஞாயிறு வகுப்பு நடந்த அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சுவரில் இன்னமும் நோவாவின் பேழைப் படத்து ஒட்டகச்சிவிங்கிகள். என் மகள் யாரித்சா என் தங்கை வீட்டில் இருக்கிறாள். இந்த நாட்டிலேயே பிறந்து குடியுரிமை உள்ள பிள்ளை, எங்கே வேண்டுமானாலும் போவாள், வருவாள். சனிக்கிழமைதோறும் என்னைப் பார்க்க வருகிறாள்.

நவம்பர் 15

வக்கீல் டெவோரா வந்து சபையாரை உட்காரவைத்து விளக்கினார். ஒருவர் நேராகவே கேட்டார்: “எங்களையும் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?”

“ஒளிச்சு வெச்சாத்தான் பெரிய வம்பு. அவங்க இங்க இருக்காங்கன்னு நாமளே ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. யாராவது வந்து கேட்டா இல்லைன்னு பொய் சொல்லாதீங்க.”

“அப்போ கேஸே வராது?”

“வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதுங்க.”

பிறகு சொன்னார்: நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இருந்தால்தான் வலிய உள்ளே வரலாம். குடியேற்ற அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட காகிதம் செல்லாது. “ஆனா நாமளே வாங்கன்னு கூப்பிட்டுட்டா எந்தக் காகிதமும் வேண்டாம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். வெர்லின் பெரியவரும் பிஸ்கட்டைக் காபியில் தோய்த்தபடியே ஆட்டினார். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது அவர் வேலை. பனியோ வெயிலோ, யாரானாலும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார்.

வெளியே ‘ஒனேய்டா’ என்று என் பெயர் எழுதிய பெரிய பதாகை தொங்குகிறது. ஒண்டிக்கொண்டவளுக்குப் பெயர்ப்பலகை!

நவம்பர் 30

யாரித்சா பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கப் போகிறாள். “பின்வாசல் வழியா வந்து பாத்துட்டு ஓடிடேன்மா. யாருக்குத் தெரியப்போவுது?” எரிந்து விழுந்தேன். அழாமல் போனாள். அழுதிருந்தால் தேவலை.

டிசம்பர் 14

இன்று கச்சேரி. தங்கை போனைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஆளின் இருமல்தான் கேட்டது.

ஜனவரி 9

உடனே எழுதிவிடுகிறேன்.

காலையில் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் வெர்லின் குரல். “வாங்க, வாங்க! ஏன்ப்பா குளிர்ல நிக்கிறீங்க? காபி இப்பத்தான் இறக்கினேன்.” யாரோ சபைக்காரர் என்று நினைத்தேன். “ஒனேய்டா இருக்காங்களா?” என்றது புதுக் குரல். அதற்கு இவர் சொல்கிறார்: “இருக்காளே! உள்ள கப்பு கழுவிட்டிருக்கா.”

பொய் சொல்லாதே என்றதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூப்பிடாதே என்றது எங்கே போச்சு? என் அறை கூடத்துக்கு அந்தப் பக்கம். அவர்களைத் தாண்டித்தான் போகணும். பாடகர் அங்கிகள் தொங்குகிற அலமாரிக்குள்ளே புகுந்துட்டேன். நானே என்னை ஒளிச்சுக்கிட்டா அதுவும் குத்தமா? டெவோராகிட்ட இதைக் கேக்கவே இல்லையே!

பாஸ்டர் ஓடி வந்தார். காகிதம் புரளும் சத்தம். “இதுல நீதிபதி கையெழுத்து இல்ல. இது உங்க ஆபீஸ் காகிதம்.”

“அவர்தானே மேடம் எங்களைக் கூப்பிட்டார்?”

“அவர் கூப்பிட்டார். இப்ப நான் போகச் சொல்றேன். கப்பை வெச்சுட்டுக் கிளம்புங்க.”

ஒரு ஜோடிப் பூட்ஸ் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றது. அங்கிகளுக்குப் பின்னால் ஒடுங்கினேன். “விடுப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்றான் இன்னொருவன். போய்விட்டார்கள்.

வெர்லின் என்னைப் பார்த்து, “குளிர்ல நின்னாங்கம்மா...” என்றார். “என்னை இழுத்துட்டுப் போயிருந்தா என் பொண்ணுகிட்ட யாரு சொல்லியிருப்பா? நீங்களா?” என்று கத்தினேன். வந்தவர்கள் குடித்து வைத்த கப்புகளை அவர் எடுத்துக் கழுவினார்.

ஜனவரி 12

ஞாயிறு. வெர்லின் வரவில்லை. வாசலில் யாரும் இல்லை.

ஜனவரி 19

என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்று ஓட்டெடுப்பு. பாதிப் பேருக்குப் பயம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. வெர்லின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து, “தப்பு என்னோடது. அவளை அனுப்பாதீங்க, கதவைப் பூட்டுங்க” என்றார். அந்தக் கதவுக்குப் பூட்டு இருந்ததே பலருக்குத் தெரியாது. அவர் கைதான் முதலில் உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற கைகள். தப்பித்தேன்.

சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. “எப்பவும் இங்கயே இருக்கறவ ஒருத்திதானே?” என்றார் பாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 3

டெவோரா போன். நாடு கடத்தாதீர்கள் என்று போட்டிருந்த என் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம், ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். யாரித்சாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16

ஆராதனைக்கு முன்னால் கதவு தட்டும் சத்தம்.

“யாரது?”

“வெர்லின்.”

“கையில என்ன காகிதம் இருக்கு?” விளையாட்டாகத்தான் கேட்டேன். கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ரொட்டி மாவுதாம்மா இருக்கு. கடைக்காரன்கிட்ட கேட்டுக் கேட்டு சரியானதா வாங்கியாந்தேன்.”

திறந்தேன். தொப்பியெல்லாம் பனி. உள்ளே வராமல் மிதியடியிலேயே நின்றார். குளிர் முகத்தில் அறைந்தது. எதற்கு நிற்கிறார் என்று எனக்குச் சற்று நேரம் புரியவில்லை.

“வாங்க” என்றேன். அதற்குப் பிறகுதான் காலை உள்ளே வைத்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் சாலை, அந்தப் பக்கம் கடை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.