பதினெட்டுத் தண்ணீரும் ஓர் ஆர்கனும்

சென்டாய்
19 ஜனவரி 1996

அன்புள்ள தெத்சுரோ சானுக்கு,

இங்கே முழங்கால் வரை பனி. நீங்கள் மூன்று வேளையும் கப் நூடுல்ஸே சாப்பிடுவதாக உங்கள் அக்கா போட்டுக்கொடுத்துவிட்டார்.

செய்தி நல்லதில்லை. நம் கட்டுரை தப்பு. இருபது கனநீர் மூலக்கூறுகள் சேர்ந்த கொத்தில் எலக்ட்ரான் உள்ளே போகாமல் வெளியே தொற்றிக்கொண்டிருக்கிறது என்று எழுதினோமே, அது இருபதே இல்லை. கனநீர் ஒன்றின் எடை இருபது. அதை ஊதித் தள்ளும் ஆர்கன் வாயுவின் அணு எடை நாற்பது. பதினெட்டுத் தண்ணீரோடு ஓர் ஆர்கன் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எடை மட்டுமே பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நேற்று சாதாரணத் தண்ணீரில் ஓட்டினேன்; அதில் ஒன்றின் எடை பதினெட்டுதான், அதனால் ஆர்கன் ஒட்டியது தனியாக விலகி நின்றது.

எங்கள் ஆய்வகத் தலைவர் இசோகாவா சாரிடம் சொன்னேன். "ஏம்மா, மூணு வருஷமா ஆர்கனையா தண்ணின்னு எண்ணிக்கிட்டிருந்தே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதப்போகிறேன். ரொம்ப அசதியாக இருக்கிறது.

உங்கள்
சாயகோ

நகோயா
24 ஜனவரி 1996

அன்பு சாயகோ,

அவசரப்படாதே. பிப்ரவரி இருபதில் எனக்கு நேர்முகம். அந்தக் கட்டுரையை நம்பித்தான் நிரந்தர வேலை. அது கிடைத்தால் மார்ச்சில் இங்கே வீடு பார்க்கிறேன், நீ வந்துவிடலாம். நான்கு வருஷமாக ரயிலிலேயே குடித்தனம் நடத்துகிறோம். ஒரு மாதம் மட்டும் பேசாமல் இரு.

மறைப்பானேன், எனக்கு இது புதிதில்லை. அக்டோபரிலேயே என் கணக்கு உதைத்தது. இருபது தண்ணீர் அந்த எலக்ட்ரானை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பதினெட்டுக்குத்தான் விடை பொருந்தியது. சொன்னால் மறுநாளே சோதித்துப் பார்ப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தெத்சுரோ

சென்டாய்
31 ஜனவரி 1996

தெத்சுரோ சானுக்கு,

கையுறை வந்தது, அளவு சரி. இதழுக்கான கடிதம் இன்று காலை தபாலில் போய்விட்டது. எண்ணியது நான், தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் அக்டோபர் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேர்முகத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

நவம்பரில் பம்ப் பழுதாகி, திரும்பவும் முதலிலிருந்து பதினொரு நாள் அதே இருபதை எண்ணினேன். குளிரில் விரல் வெடித்து ரத்தம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனில், "இன்னும் கொஞ்சம் எண்ணு சாயகோ, நல்லாத்தான் வருது" என்றீர்கள். தெரிந்தே சொன்னீர்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச்சில் வீடு பார்க்க வேண்டாம். வேலை கிடைத்தாலும் நான் வரவில்லை.

சாயகோ