சிட்டகாங்கில் அவர்

1971 டிச. 5, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது கடை அண்ணாச்சியின் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். "டீச்சர், கேட்டியளா? நம்ம பிளேன் கிழக்குப் பாகிஸ்தான்ல சிட்டகாங் துறைமுகத்துல குண்டு போட்டுட்டு!" எல்லோரும் கை தட்டினார்கள். சீனி வாங்காமலே வந்துவிட்டேன்.

அங்கேதான் அவர். வெளிநாட்டுக் கப்பலில் சமையல் வேலை. அரிசி இறக்கப் போன கப்பல். மேலே பறக்கிறவனுக்கு, கீழே என் வீட்டுக்காரர் இருப்பது எப்படித் தெரியும்?

டிச. 7, செவ்வாய்
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதாம். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க், "தந்தியே போகாதும்மா. எதிரி ஊருல்லா?" என்றார். மண்ணெண்ணெய் தீரப்போகிறது. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தன.

டிச. 11, சனி
பக்கத்து வீட்டுச் செல்வம் அக்காவிடம் மட்டும் சொன்னேன்.
"அண்ணன் அங்கனயா இருக்காவ? வெளிய சொல்லிராத ஏளா. குண்டு போடாதீயன்னு நீ சொல்ல முடியுமா?"
அதற்குப் பிறகு, நான் வாசலில் நின்றால் ரேடியோவைக் குறைத்துவிடுகிறாள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

டிச. 17, வெள்ளி
சண்டை முடிந்தது. ஜெயித்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது நான்தான். வீட்டில் ஒருத்திக்கு உலை.

டிச. 23, வியாழன்
கல்கத்தாவிலிருந்து தந்தி. உயிரோடு இருக்கிறார். சொல்லி அழச் செல்வம் அக்காவும் வீட்டில் இல்லை. கிறிஸ்துமஸ் குடில் வைக்க இனி நேரமில்லை.

ஜன. 4, செவ்வாய்
வந்துவிட்டார். மெலிந்து, தாடியோடு. காயமில்லை. சாப்பிட்டார், தூங்கினார்.

ஜன. 5, புதன்
வானம் தெளிவு. சாயங்காலம் தெருவே எங்கள் வீட்டில். அண்ணாச்சிதான் கேட்டார்: "எப்படி அடிச்சாங்க நம்மாளுக? சொல்லுங்க கேப்போம்."

இவர் தலை நிமிராமல் சொன்னார். "கப்பலுக்குத் தினமும் மீன் கொண்டார பொம்பள ஒருத்தி. அவ குடிசையில குண்டு விழுந்துது. நாங்கதான் ஓடிப்போய் மண்ணைத் தோண்டுனோம். கைக்குழந்தையைக் கட்டிப் புடிச்சிருந்தா. ரெண்டு பேரும் போயிட்டாவ."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அண்ணாச்சி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் பேர் என்ன என்று கேட்டேன்.

"தெரியல. அவ பாஷை எனக்குத் தெரியாது. பாத்தா சிரிப்பா."

சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருக்கிறார். என்னைப் பார்க்கவே இல்லை.