நீச்சல் வகுப்பு என்று சொன்ன சனிக்கிழமைகள்

என் அன்புக்குரிய சரோஜா அக்கா,

நேற்று கீழ்மாடிக்கு இறங்கி வந்து உங்கள் படத்துக்குப் பூ வைத்தேன். உங்கள் கணவர், அண்ணன்தான் காப்பி கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், அப்படியே குடித்தேன். உங்கள் மகன் தருண் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான். என் மகன் கவினுக்கு ஐந்து வயது முடிந்தது. போன வாரம் ஜன்னலுக்கு வெளியே போன எல்ஆர்டி ரயிலை முதல்முறையாக விரல் நீட்டிக் காட்டி, நானும் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தான். அழுதுவிட்டேன். அந்த அழுகையில் உங்கள்மேல் கோபமும் இருந்தது.

நினைவிருக்கிறதா? அவனுக்கு இரண்டு வயதாகப் போகிறபோது, தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்கு நடக்கும் வழியில் உங்களிடம்தான் முதலில் சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் ஓடி வருகிறான், காதில் குறையில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. சொல்லிக்கொண்டிருந்த 'அம்மா'வும் நின்றுவிட்டது.

நீங்கள் சிரித்தீர்கள். "தருணும் இப்படித்தான் இருந்தான்லா. மூணு வயசுல தானாப் பேசல? நீ கண்டதையும் படிச்சுப் பயந்துக்காத. முருகன் பாத்துப்பான்."

வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு வெள்ளி காசு இடித்தாலும் தூங்காதவள் நான். உங்கள் பேச்சை மட்டும் சரிபார்க்கவில்லை. மருத்துவரைப் பார்க்க வாங்கியிருந்த நாளை ரத்து செய்தேன். முருகன் பெயரைச் சொன்னீர்களே அக்கா, எப்படி நம்பாமல் இருப்பேன்?

நான்கு வயதில் பாலர் பள்ளி ஆசிரியை சொன்ன பிறகுதான் ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அன்றும் உங்கள் மடியில்தான் அழுதேன். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே?

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் கழித்து அண்ணன் கதவைத் தட்டினார். தனக்குச் சனிக்கிழமை வேலை, தருணைக் கூட்டிப்போக ஆளில்லை என்றார்.

"நீச்சல் கிளாஸ்தானே, நான் போறேண்ணே," என்றேன். கவினையும் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் இடமில்லை என்பீர்களே, அந்த வகுப்பு.

"நீச்சல் இல்லம்மா." அவர் தரையைப் பார்த்தார். "தெரப்பி. ரெண்டு வயசுலேருந்து போறான். அவனுக்கும் ஆட்டிசம்தான். மூத்த மக கல்யாணம் முடியுற வரைக்கும் வெளிய தெரிய வேண்டாம்னு சரோஜாதான் சொன்னா."

கல்யாணம் முடிந்துவிட்டது. அண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டு வருடம் கவினுக்கும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராலும் சொல்ல முடியாது, தெரியும். ஆனால் வேண்டியதைக் கேட்க வழி தெரியாமல் சுவரில் தலையை மோதிக்கொண்டவன் அவன். பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தருணைத் தெரப்பிக்குக் கூட்டிப் போனீர்கள். எப்படி முடிந்தது உங்களால்?

போன வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய். மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும். அவள் கூப்பிடக் கூப்பிட, அவன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதையாச்சும் விரல் நீட்டிக் காட்டுவானாம்மா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடு. என் பையனுக்கு ஆட்டிசம், எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுச்சு."

"உங்க பையன் மாதிரியா என் பையன்?" தட்டை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

இந்த முகத்திருப்பலுக்குத்தானா அக்கா பயந்தீர்கள்? இவ்வளவுதானா?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று சாமி முன்னால் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தருண்மேல் எனக்கு ஒன்றுமில்லை, சனிக்கிழமைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வெள்ளியும் கோயிலுக்குப் போவேன். அந்தப் பெண் எந்த வரிசையில் இருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மறுபடியும் சொல்வேன்.

இன்னும் உங்களை அக்கா என்றே கூப்பிடும்,
தங்கை இந்திரா