இளம்பரிதியின் குவேசார்

நவம்பர் 4, 2025
லேபில் இளம்பரிதியின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. டெங்குவில் அவன் போய் ஒன்றரை மாதம். அவன் தேடிப் பிடித்த பொருளை இனி நான்தான் பார்க்க வேண்டும் என்று எங்கள் கைடு ஹரிகிருஷ்ணன் சார் சொல்லிவிட்டார். யாரும் இதுவரை கண்டிராத தூரத்துக் குவேசார் அது என்பது இளாவின் கணக்கு. ஒரு பெருங்கருந்துளை வாயுவை விழுங்கும்போது மொத்த விண்மீன் மண்டலத்தையும் மிஞ்சி எரியும் வெளிச்சம். கிளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுகள் இருக்கும். ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை வந்தால்தான் உறுதி.

நவம்பர் 7
சாயங்காலம் சாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆன்லைன். 'இளா?' என்று டைப் செய்துவிட்டு அழித்தேன். அனுப்பி, யாராவது பதில் போட்டுவிட்டால்?

நவம்பர் 8
இன்றும்.

நவம்பர் 12
பொறுக்க முடியவில்லை. நெல்லித்தோப்பில் அவன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர்: 'உலகின் மிகத் தொலைவான குவேசாரைக் கண்டறிந்த எங்கள் இளம்பரிதி.' உள்ளே அவன் அம்மா அஞ்சலாட்சி. மடியில் அவன் லேப்டாப், திறந்தபடி.

"தெனமும் சாயங்காலம் போடுவேம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல சூடாவுதில்ல, அதுமேல கைய வெச்சிக்கினு உக்காந்திருப்பேன்."

காபி கொடுத்தார். குடித்தேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 21
நிறமாலை வந்துவிட்டது. குவேசார் இல்லை. மீத்தேன், நீராவி இரண்டின் தடமும் தெளிவாக இருக்கிறது. நட்சத்திரமாக எரிய முடியாமல் போன ஒரு பழுப்புக் குள்ளன். சில நூறு ஒளியாண்டுதான் — நம் விண்மீன் மண்டலத்துக்குள்ளேயே. வெறும் படத்தில் இரண்டுமே ஒரே மாதிரி சிவப்புப் புள்ளி.

ஏண்டா அதுக்குள்ள வீட்ல சொன்ன?

"அவங்க வீட்டுக்கு இப்ப சொல்லணுமா? அந்த சந்தோஷமாவது இருக்கட்டுமே" என்றார் சார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனா நான் மறுபடி அங்க போயி எப்படி அந்தக் காபிய குடிப்பேன்?

நவம்பர் 23
இளாவின் அம்மாவே போன் செய்தார். "சுமலதா, மாடியில நிக்கிறேன். எம்புள்ள கண்டுபுடிச்சது எந்தப் பக்கம் இருக்குது?"

பொய் வாய் வரை வந்தது. சொல்லிவிட்டேன். அது குவேசார் இல்லம்மா. அவ்ளோ தூரமும் இல்ல.

போனில் அவர்கள் தெருவின் ஹாரன் சத்தம் கேட்டது.

"அப்ப அவன் பொய் சொன்னானா?"

"இல்லம்மா. அவன் பாத்த படத்துல யார் பாத்தாலும் அப்படித்தான் தெரியும்."

வைத்துவிட்டார்.

டிசம்பர் 2
பச்சைப் புள்ளி ஒரு வாரமாக வரவில்லை. வந்தபோது பயந்தேன். வராதது அதைவிட மோசம்.

ஜனவரி 9, 2026
இளா சந்தேகப்பட்ட இன்னொரு பொருளின் நிறமாலை இன்று வந்தது. குவேசார்தான். தூரத்தில் சாதனை எதுவும் இல்லை. சாரிடம் சொல்வதற்கு முன் அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டார் என்றே நினைத்தேன்.

"இது நெசந்தானே?"

"நெசம்மா. ரெண்டு தரம் பாத்துட்டேன். ஆராய்ச்சிப் பேப்பர்ல அவன் பேர்தான் மொதல்ல வரும்."

"எவ்ளோ தூரம்?"

வெளிச்சம் இங்கே வந்து சேர ஆயிரத்து இருநூறு கோடி வருஷம் ஆனதைச் சொன்னேன்.

"சரி. நீ சாப்டியா?"