இருபத்திரெண்டு வேண்டாம்

இஞ்சாருங்கோ, நான் வேலைக்கு வெளிக்கிடுறன். புட்டு குசினியில மூடிக் கிடக்கு, சூடை மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

பத்து மணிக்குச் சைக்கிள் கடை அஸ்ஹான் வருவார். போன கிழமை வாங்கின இருபத்திரெண்டு இஞ்ச் உயரச் சைக்கிளைக் குடுத்துவிடுங்கோ, இருபதுக்கு மாத்தித் தருவாராம். சைக்கிளின்ர நடுப் பாருக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு நிண்டால் ரெண்டு பாதமும் நிலத்தில பதியவேணும், பாருக்கும் கவட்டுக்கும் இடையில ரெண்டு இஞ்ச் இடமும் இருக்கவேணும் எண்டார். நீங்கள் நுனிக்காலில நிக்கிறீங்கள். வள்ளம் கட்டுற ஜெட்டியடியில சைக்கிளோட விழுந்ததுக்கு மணலைச் சாட்டாதேங்கோ.

“என்னை நொண்டி எண்டு நினைக்கிறியோ” எண்டு நேற்று, சைக்கிளை மாத்துவம் எண்டதுக்குக் கேட்டீங்கள். நான் அப்பிடி நினைக்கேல்லை.

சைக்கிள் பூட்டின்ர திறப்பு அலுமாரிக்கு மேல.

சிவாஜினி

பி.கு. அளவு எப்பிடித் தெரியுமெண்டு கேப்பீங்கள். நேற்று மத்தியானம் நீங்கள் நித்திரை கொள்ளேக்க தையல் டேப்பால ரெண்டு காலையும் அளந்தனான். ஒப்பரேசன் செய்த இடக்கால் மற்றதிலும் ஒரு இஞ்ச் கட்டை. அஸ்ஹானுக்கு அந்தக் காலின்ர அளவைத்தான் குடுத்தனான், ஏனெண்டு சொல்லேல்லை.

இன்னொண்டு. காலமை வாசல் கூட்டேக்க உங்கட இடக்கால் செருப்பைத் தூக்கினனான். அடியில உயரத்துக்கு ரப்பர் துண்டு ஒட்டியிருக்கு, அதுவும் தேஞ்சுபோச்சு. அப்ப உங்களுக்கு எப்பவோ தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.