ஏற்றத்தில் மட்டும் கேட்கும் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

பெரியவருக்கு இன்று ரப்பர் மாற்றினோம். பெரியவர் என்று எல்லோரும் கூப்பிடுவது பட்டறையிலேயே வயதான லாரியை. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. மலைமேல் மின்கோபுரங்களில் வேலை செய்யும் எட்டுப் பேரைத் தினமும் ஏற்றிக்கொண்டு போகும். அதைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுவது அப்பா. அதே கம்பெனிப் பட்டறையில் நான் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

கியர் மாற்றும்போது 'டொக்' என்று அடியில் இடிக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் எண்ணெயில் ஊறி வெடித்திருந்தது. அதுதான் காரணம். கழற்றும்போது ஒன்று பார்த்தேன்: கியர்பாக்ஸைச் சுமக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, விரல் தடிமனில் இரண்டு இரும்புத் தகடுகள். லாரி கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை பார்த்தேன். படத்தில் தகடே இல்லை.

ஃபிட்டரைக் கேட்டேன். அவருக்குப் பட்டப்பெயர் சரிசார். ஆணோ பெண்ணோ, யார் எது சொன்னாலும் "சரி சார்" என்பார்.

"இது எதுக்குண்ணே?"

"ரொம்ப நாளா இருக்கு சார்."

"புத்தகத்துல இல்லையே. எடுத்துடலாமா?"

"சரி சார்."

எடுத்துவிட்டோம். மாலையில் 'டொக்' போய்விட்டது. அப்பா பட்டறை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "யாரு பாத்து சரி பண்ணது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்டோர் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஜூன் 6, வெள்ளி

ஏற்றத்தில் புதிதாக ஒரு சத்தம் வருகிறதாம். சாப்பிடும்போதே அப்பா செய்து காட்டினார்: "ஊங்ங்ங்…" கை வேறு ஸ்டீயரிங் பிடித்தது. "சாப்பாட்டை வாய்ல வச்சுக்கிட்டு லாரி ஓட்டாதீங்க" என்றாள் அம்மா.

ஜூன் 9, திங்கள்

சோதித்தேன். பட்டறை மைதானத்தில் நாலு சுற்று, மெயின் ரோட்டில் பாலம் வரை போய்த் திரும்பினோம். ஒன்றும் கேட்கவில்லை. புது ரப்பர் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. போல்ட் எல்லாம் இறுக்கம். பதிவேட்டில் எழுதினேன்: "மவுண்ட் நல்ல நிலையில் உள்ளது. சத்தம் எதுவும் இல்லை."

மலைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். அதற்கு ஃபோர்மேனிடம் அரை நாள் கேட்க வேண்டும். அவர் அறை வாசல்வரை போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நான் எழுதியதை ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் படித்தார்.

"உன் பொண்ணே எழுதிட்டா. பெரியவருக்கு ஒண்ணுமில்லையாம். அப்ப வயசானது யாருக்குய்யா?"

சிரிப்பு. லைன்மேன்களையும் கேட்டார்கள். "பின்னால ஏணி, கம்பி, சங்கிலி எல்லாம் கடகடங்குது. இதுல எந்தச் சத்தம்னு கேக்கறீங்க?" என்றான் ஒருவன். மறுபடியும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார், 'நீ கவலைப்படாதே' என்கிற மாதிரி.

ஜூன் 13, வெள்ளி

ஃபோர்மேன் சொன்னார் என்று அப்பா காது டாக்டரிடம் போய்வந்தார். காது நன்றாக இருக்கிறதாம், வயதுக்கு மீறி நன்றாக.

"அப்ப நல்லதுதானே?" என்றாள் அம்மா.

"எப்படி நல்லது? வண்டிலயும் இல்ல, காதுலயும் இல்லன்னா சத்தம் எங்கிருந்து வருது? மண்டைலேர்ந்துதான்."

அப்புறம் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு நின்றார். "இப்ப ஏதாவது கேக்குதா பாப்பா?"

"இல்லப்பா."

"எனக்கும் இல்ல" என்றார், பரீட்சையில் தேறியவர் மாதிரி.

ஜூன் 16, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

கோபுரம் ஒன்றில் அளவெடுக்கும் வேலை வந்தது. நானும் பெரியவரில் மேலே போனேன். அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவு தாண்டி ஏற்றம் நிமிர்கிறது. அப்பா ஆக்சிலரேட்டரை அழுத்தினார். வண்டி இழுத்தது. கேட்டது. முதலில் காதில் இல்லை, பாதத்தில். தரைத்தகடு முழுவதும் அதிர்ந்தது. அதற்குப் பிறகு "ஊங்ங்ங்…" அப்பா செய்து காட்டியது அச்சு அசல். காலை எடுத்தார், நின்றது. அழுத்தினார், வந்தது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் கேட்காத கேள்விக்கு நானாகவே பொய் சொன்னேன். ஏன் என்றால் அந்த ஒரு நொடியில் எனக்கு அந்தத் தகடுகள் ஞாபகம் வந்துவிட்டன.

ஜூன் 17, செவ்வாய்

மதிய இடைவேளையில் வண்டிக்கு அடியில் படுத்து, கோணம் பார்க்கும் கருவியை ஷாஃப்டில் வைத்து அளந்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் நீளமான ஷாஃப்ட் அது. இருக்க வேண்டியதைவிடச் சரிவு அதிகம். பழைய கோப்பிலும் தேடினேன். பதினான்கு வருடம் முன்பு, பாறை தட்டாமல் இருக்க, ஸ்பிரிங்குகளை உயரமாக மாற்றி வண்டியைத் தூக்கியிருக்கிறார்கள். வண்டி உயர்ந்தால் ஷாஃப்ட் அதிகமாகச் சரிந்து சுற்றும். அது அப்படிச் சரியாமல் இருக்க யாரோ கியர்பாக்ஸை ஒரு விரல் கீழே இறக்கியிருக்கிறார்கள். அதற்குத்தான் அந்தத் தகடுகள். சமதரையில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் ஷாஃப்டின் மூட்டுகள் முறுக்கிக்கொண்டு முனகும்.

புத்தகத்தில் இருப்பது பிறந்தபோது இருந்த பெரியவர். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்ததை யாரும் அதில் எழுதவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

மாத முடிவில் என் பயிற்சிக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகும் கடிதம் வர வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கடிதம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. இதை ஒரு காரணமாக எழுதுகிறேனா, சாக்காகவா?

ஜூன் 19, வியாழன்

பெரியவர் எண்ணெய் மாற்ற வந்தார். அப்பா அரை நாள் விடுப்பு. ஸ்கிராப் பெட்டிக்குள் கைவிட்டுத் தகடுகளைத் தேடி எடுத்தேன்.

"இத திரும்பப் போடணும்ணே. பழைய நீள போல்ட்டோட."

"சரி சார்."

மாட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ரெஜிஸ்டர்ல எழுதணுமா சார்?"

"வேணாம்ணே."

என்னைப் பார்த்தார். துணியை மடித்தார். பிறகுதான், "சரி சார்."

அவர் அந்த வார்த்தைக்கு இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

சத்தம் போயிருக்கும். அப்பா எதுவும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூன் 21, சனி

எதுவும் சரியாகவில்லை.

காலையில் அப்பா ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சத்தம் நின்னுடுச்சு பாப்பா. நேத்து முழுக்க இல்ல."

"நல்லதுதானேப்பா."

"யோசிச்சுப் பாரு. வண்டில யாரும் கை வைக்கல. ரெஜிஸ்டர் பாத்தேன், எண்ணெய் மாத்துனதோட சரி. தானா வந்து தானா போற சத்தம் வண்டிக்குக் கிடையாது. ஆளுக்குத்தான் உண்டு."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு பிரேக்ல நிஜமாவே ஒரு சத்தம் வரும். அதுவும் மண்டைல வர்றதுதான்னு நான் விட்டுட்டா? பின்னால எட்டுப் பேர் உக்காந்திருக்கான். ஒவ்வொருத்தனுக்கும் வீடு இருக்கு. மலை வண்டி எனக்கு வேணாம், கேட்ல காவலுக்கு நிக்கறேன்னு எழுது. நல்லா எழுது, நீ படிச்சவ. திங்கட்கிழமை காலைல குடுத்துடறேன்."

சரி என்றேன். நானும் சரிசார்தான்.

ஜூன் 22, ஞாயிறு

"மதிப்பிற்குரிய ஐயா, கடந்த சில நாட்களாக எனக்கு" — இதுவரை எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

என்னடி பண்ணி வச்சிருக்க நீ? ஒரு தகட்டை எடுத்த, போனா போகுது, தெரியாம எடுத்த. அப்புறம் கேட்டுச்சே, கால்ல அதிருச்சே, அப்ப வாயைத் தொறந்திருக்கலாம்ல? திருட்டுத்தனமா மாட்டி, மிச்சம் இருந்த நம்பிக்கையையும் பிடுங்கிட்டியே அவர்கிட்டேர்ந்து. இப்ப அவரு லெட்டரையும் நீயே எழுதுவியா? எழுத்துப்பிழை இல்லாம?

அப்பா கூடத்தில் ரேடியோவை மெதுவாக வைத்து, கூட்டி, மறுபடி மெதுவாக வைத்துப் பார்க்கிறார்.

தாளைக் கிழித்துவிட்டேன். வேறு தாள் எடுத்தேன். இது என் பெயரில்.

ஜூன் 23, திங்கள்

வண்டி கிளம்புவதற்கு முன்னால் கொடுத்தேன். ஃபோர்மேனுக்கு ஒரு பிரதி, அப்பாவுக்கு ஒன்று. தகடுகளை எடுத்தது, ஏற்றத்தில் சோதிக்காமலே சத்தம் இல்லை என்று எழுதியது, 16-ஆம் தேதி நானே கேட்டது, 19-ஆம் தேதி பதிவேட்டில் காட்டாமல் திரும்ப மாட்டியது. எதையும் விடவில்லை.

அப்பா வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திப் படிப்பவர். ஃபோர்மேன் முடித்துவிட்டார். அப்பா படித்துக்கொண்டே இருந்தார். அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்.

"கழட்டும்போது நானும் இருந்தேன் சார்" என்றார் ஃபிட்டர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அப்பா தாளை மடித்து சட்டைப்பையில் வைத்தார். "அன்னிக்கு மேல போறப்ப உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"நல்லா?"

"நல்லா கேட்டுச்சு."

தலையை ஆட்டிக்கொண்டே போய் வண்டியில் ஏறினார். லைன்மேன்களும் ஏறினார்கள். பெரியவர் கிளம்பிப் போனார்.

"எடுத்தது தெரியாம நடந்தது, அத விடு" என்றார் ஃபோர்மேன். "யாருக்கும் தெரியாம மாட்டுன பாரு, அதத்தான் என்னால விட முடியாது. அந்த மனுஷனை நான் வேற கிண்டல் பண்ணேன்."

ஜூன் 26, வியாழன்

அப்பா பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவள சாப்பிடச் சொல்லு." "அவள லைட்ட நிறுத்தச் சொல்லு." நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 28, சனி

அம்மாவிடம் சொன்னாராம்: "தப்பு யாருக்கும் வரும். பத்தொன்பது வருஷம் இந்தக் காத வச்சுத்தான் ஓட்டுனேன். அதையே பொய்யின்னு நினைக்க வச்சுட்டா."

ஜூன் 30, திங்கள்

கடிதம் வந்தது. பயிற்சிக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிப்பு. நியாயம்தான். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தகடுகளை வரைந்து, அளவும் காரணமும் எழுதி ஒட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு அப்பா என் மேஜை முன்னால் வந்து நின்றார். கையில் தொப்பி. பதினைந்து நாளில் என்னிடம் பேச வந்தது இதுதான் முதல் முறை.

"பின் ஷாஃப்ட் பக்கம், இறக்கத்துல லேசா கீச்சுகீச்சுன்னு ஒரு சத்தம். எழுதிக்கறீங்களா?"

'ங்க' போட்டுப் பேசினார். பட்டறையில் எந்தப் பொறியாளரிடமும் அப்படித்தான் பேசுவார். பேனாவை எடுக்கச் சற்று நேரமானது.

"எந்த இறக்கத்துல?"

"ரெண்டாவது கோபுரம் தாண்டி."

எழுதிக்கொண்டேன். எழுந்து ஃபோர்மேன் அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். முடிக்கும்வரை வாசலிலேயே நின்று, நாளைக்கு அரை நாள் மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்.

திரும்பி வந்து, "நாளைக்கு நானும் வரேன்" என்றேன்.

"ஆறரைக்கு வண்டி கிளம்பிடும்" என்றார் அப்பா.

ஆறு மணிக்கு ஒரே வீட்டிலிருந்துதான் நாங்கள் இருவரும் புறப்படுகிறோம். அதைச் சொல்லவில்லை. ஆறரை என்று குறித்துக்கொண்டேன்.